முந்நூற்று ஐந்தை 3005 என்று எழுதும் குழந்தைக்கு இடமதிப்பை எப்படிப் புரியவைப்பது?

கோலாலம்பூர், செந்தூலில் வசிக்கும் ஒரு தாய் பின்வருமாறு கேட்டிருக்கிறார்: “என் மகள் தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். ‘முந்நூற்று ஐந்து’ என்று சொன்னால் 3005 என்று எழுதுகிறாள். 340-இல் மொத்தம் எத்தனை பத்துகள் இருக்கின்றன என்று கேட்டால் நான்கு என்கிறாள். பத்தால் பெருக்கச் சொன்னால் மட்டும் பின்னால் ஒரு சுழியத்தைப் போட்டுச் சரியான விடையைத் தந்துவிடுகிறாள். அப்படியே செய்யவிடலாமா? செயல்நூல்கள் மூன்று வாங்கிச் செய்யவைத்தும் முன்னேற்றம் இல்லை. டியூஷனுக்கு அனுப்ப வேண்டுமா?”

சகோதரி, நீங்கள் சொன்ன இரண்டு தவறுகளுக்கும் அந்த ஒரு சரியான விடைக்கும் வேர் ஒன்றுதான். உங்கள் மகளுக்கு எண்ணின் அளவு தெரிகிறது. அந்த அளவை எழுத்தில் காட்டும்போது ‘இடம்’ செய்கிற வேலை இன்னும் தெரியவில்லை. 3005 என்பதை மனம்போன போக்கில் எழுதிய விடையாக எண்ணாதீர்கள். முந்நூறு என்று காதில் விழுந்ததும் 300 எழுதினாள். ஐந்து என்று விழுந்ததும் அதன் அருகில் 5 எழுதினாள். சொல்லைக் கேட்ட வரிசையிலேயே ஒழுங்காகப் பதிவு செய்திருக்கிறாள். அவள் எழுதியதை அவளையே வாசிக்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் ‘முந்நூற்று ஐந்து’ என்றே வாசிப்பாள்.

அவள் செய்ததில் ஒரு பழமையான நியாயமும் இருக்கிறது. பழந்தமிழ் எண்குறிகளில் ஒன்று முதல் ஒன்பது வரைக்கான குறிகளோடு, பத்துக்கு ௰, நூற்றுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲ என்று தனித்தனிக் குறிகள் இருந்தன. முந்நூற்று ஐந்தை ௩௱௫ என்றும், முந்நூற்று நாற்பத்தைந்தை ௩௱௪௰௫ என்றும் எழுதினார்கள். வாய் சொல்லும் வரிசையிலேயே கை எழுதியது. பத்துகள் இல்லாவிட்டால் ௰ என்ற குறி வராது, அவ்வளவுதான். காலியான இடத்தைக் காத்து நிற்கச் சுழியம் தேவைப்படவில்லை. உங்கள் மகளின் மனத்தில் இயங்குவது ஏறத்தாழ இந்த முறையே. ஆனால் இன்று நாம் எழுதும் முறையில் பத்துக்கும் நூற்றுக்கும் ஆயிரத்துக்கும் தனிக்குறிகள் கிடையாது. 0 முதல் 9 வரையிலான பத்து இலக்கங்களை மட்டும் வைத்துக்கொண்டு, அவை நிற்கும் இடத்தாலேயே எல்லா அளவுகளையும் சொல்லிவிடுகிறோம். ஆகையால் ஓர் இடம் காலியாக இருந்தால் அதையும் எழுதிக் காட்டியே ஆகவேண்டும். காட்டாவிட்டால் பக்கத்து இலக்கம் வலப்புறம் நகர்ந்து 305 என்பது 35 ஆகிவிடும். இந்த ஒரு செய்தி பிடிபட்டுவிட்டால் மற்றவை தாமாகவே தெளியத் தொடங்கும்.

இதைத் தொடங்குவதற்கு அவளுக்கு ஏற்கெனவே தெரிந்த ஓர் எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். பத்துமலை முருகன் கோயிலின் படிகள் 272. தைப்பூசத்துக்குச் சென்று வந்த பிள்ளைக்கு அந்த எண் காலிலும் பதிந்திருக்கும். அதில் இரண்டு 2 இருக்கின்றன. கடைசி 2 குகை வாசலுக்கு முன்னுள்ள இரண்டே படிகள். முதல் 2 மூச்சு வாங்க ஏறிய இருநூறு படிகள். இலக்கம் ஒன்றுதான், நின்ற இடம் வேறு. பாடநூலின் சொற்களில் சொன்னால், முதல் 2-இன் இடமதிப்பு நூறு, இலக்க மதிப்பு 200. கடைசி 2-இன் இடமதிப்பு ஒன்று, இலக்க மதிப்பு 2. இடமதிப்பு, இலக்க மதிப்பு ஆகிய இரண்டு சொற்களையும் பிள்ளைகள் தேர்வில் மாற்றி எழுதுவது மிகவும் சாதாரணமாக நடப்பது. படிகளை வைத்துச் சொன்னால் அந்தக் குழப்பம் குறையும். இரட்டைக் கோபுரத்தின் 88 மாடிகளையும் இவ்வாறே பேசலாம்: இடப்பக்கத்து 8 வலப்பக்கத்து 8-ஐப் போலப் பத்து மடங்கு. ஓர் இடம் இடப்புறம் நகர்ந்தால் மதிப்பு பத்து மடங்காகும் என்ற விதிக்கு இதைவிட எளிய சான்று தேட வேண்டியதில்லை.

அடுத்து, வீட்டிலேயே செய்யக்கூடிய அட்டைகளுக்கு வருகிறேன். என் ஆசிரியப் பணியில் இந்தக் குறிப்பிட்ட தவறுக்கு இதைப்போல் பயன்பட்ட கருவி வேறொன்றில்லை. பழைய நாள்காட்டியின் தடித்த தாள் போதும். ஒரு இலக்கத்துக்கு 3 சென்டிமீட்டர் அகலம் என்று வைத்துக்கொண்டு, 1 முதல் 9 வரை 3 சென்டிமீட்டர் அட்டைகள், 10, 20 என்று 90 வரை 6 சென்டிமீட்டர் அட்டைகள், 100 முதல் 900 வரை 9 சென்டிமீட்டர் அட்டைகள், 1000 முதல் 9000 வரை 12 சென்டிமீட்டர் அட்டைகள் என்று மொத்தம் 36 அட்டைகளை வெட்டி எழுதிக்கொள்ளுங்கள். நம் பணத்தாள்களின் நிறத்தையே கொடுத்தால் பின்னால் உதவும்: ஒன்றுகளுக்கு நீலம், பத்துகளுக்குச் சிவப்பு, நூறுகளுக்கு ஊதா; ஆயிரங்களுக்கு மஞ்சள் போன்ற வேறொரு நிறம். சுழியத்துக்கென்று தனி அட்டை வேண்டாம்.

இப்போது ‘முந்நூற்று ஐந்து’ என்று சொல்லி, அவளை அட்டைகளை எடுக்கச் சொல்லுங்கள். 300-ஐயும் 5-ஐயும் சரியாகவே எடுப்பாள், ஏனென்றால் அளவு அவளுக்குத் தெரியும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்காமல், வலது ஓரம் பொருந்துமாறு 5-ஐ 300-இன் மேல் வைக்கச் சொல்லுங்கள். 5 கடைசிச் சுழியத்தை மூடும். நடுவில் ஒரு சுழியம் தெரியும். 305 கண்முன் நிற்கும். முந்நூறு எங்கும் போய்விடவில்லை, ஐந்துக்கு அடியில் முழுமையாக இருக்கிறது என்பதை அட்டையைத் தூக்கிப் பார்த்து அவளே உறுதிசெய்துகொள்வாள். பிறகு 3000 அட்டையை எடுத்து அதன்மேல் அதே 5-ஐ வைக்கச் சொல்லுங்கள். 3005 வரும். ‘இது மூவாயிரத்து ஐந்து, இந்த எழுத்துக்கு ஏற்கெனவே வேறொரு சொந்தக்காரர் இருக்கிறார்’ என்று சொன்னால் போதும், தவறு என்று சிவப்பு மையில் அடித்துக்காட்டத் தேவையில்லை. ஓர் அட்டை மற்றதைவிட நீளமாக இருப்பதே அவளுக்குப் போதுமான விளக்கமாகும். பாடநூலில் பெரிய எண்களை அச்சிடும்போது ஆயிரத்துக்குப் பின் சிறிய இடைவெளி விடுவதையும் அப்போது காட்டலாம்.

பின்னர் 340, 304, 34 ஆகிய மூன்றையும் அடுத்தடுத்து அமைக்கச் சொல்லுங்கள். ஒரே இரண்டு இலக்கங்கள், சுழியம் நிற்கும் இடத்தைப் பொறுத்து மூன்று வேறு எண்களாவதை அவள் கைகளே உணரும். எண்மானத்தைக் (சொல்லால் சொன்ன எண்ணை) கேட்டு எண்குறிப்பில் (இலக்கங்களில்) எழுதும் பயிற்சியை இந்த அட்டைகள் பழகிய பிறகே தொடருங்கள். ஆரம்பத்தில் அமைத்துவிட்டு எழுதட்டும். பிறகு எழுதிவிட்டு அமைத்துச் சரிபார்க்கட்டும். கடைசியில் அட்டைகள் தாமாகவே தேவையற்றுப் போகும்.

இங்கே தமிழ் எண்ணுப்பெயர்களைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும், ஏனெனில் செயல்நூல்கள் இதைப் பெரும்பாலும் கவனிப்பதில்லை. இருபது, முப்பது, நாற்பது என்று எண்பது வரை ‘பது’ என்ற ஒலி பத்தைக் காட்டுகிறது. இருநூறு முதல் எண்ணூறு வரை ‘நூறு’ ஒலிக்கிறது. ஒன்பதில் மட்டும் ஒழுங்கு மாறுகிறது. ஒன்பது பத்துகள் ‘தொண்ணூறு’. அதில் நூறு ஒலிக்கிறது. ஒன்பது நூறுகள் ‘தொள்ளாயிரம்’. அதில் ஆயிரம் ஒலிக்கிறது. ஒலியை நம்பி எழுதும் குழந்தை தொண்ணூற்று மூன்றை 903 என்றும், தொள்ளாயிரத்து ஐந்தை 9005 என்றும் எழுதுவதில் வியப்பில்லை. பழந்தமிழில் ஒன்பதுக்குத் ‘தொண்டு’ என்ற பெயரும் வழங்கியது; ஒன்பதோடு பத்தும் நூறும் சேரும்போது சொல் இப்படித் திரிவதற்கு நன்னூலில் தனி விதியே உண்டு. இந்த இலக்கணம் குழந்தைக்கு வேண்டாம், ஆனால் அவள் தடுமாறுவதற்குக் காரணம் மொழியில் இருக்கிறது, அவள் அறிவில் இல்லை என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். மலேசியப் பிள்ளைகளுக்கு இதில் ஒரு கூடுதல் துணை உண்டு. மலாயில் தொண்ணூறு ‘செம்பிலான் பூலோ’, தொள்ளாயிரம் ‘செம்பிலான் ராத்துஸ்’. ஒன்பது பத்து, ஒன்பது நூறு என்று சொல் நேராகவே நிற்கிறது. உங்கள் மகள் பள்ளியில் மலாயிலும் எண்ணப் பழகியிருப்பாள். தொண்ணூறு, தொள்ளாயிரம் ஆகிய இரண்டில் மட்டும் மலாய்ச் சொல்லை நினைவூட்டி, ‘எத்தனை பத்து? எத்தனை நூறு?’ என்று கேட்டு, அட்டையை எடுக்கச் சொல்லுங்கள். மொழியைக் கலப்பதாக எண்ணித் தயங்க வேண்டாம்; பொருளைத் தெளிவாக்கிவிட்டுத் தமிழுக்குத் திரும்புவதால் தமிழ்ச்சொல்லே மேலும் உறுதியாகும்.

இனி 340-இல் எத்தனை பத்துகள் என்ற கேள்வி. இதில் உங்கள் மகளிடம் மட்டும் குறை காணக்கூடாது, கேள்வியே இரண்டு விதமாகப் புரிந்துகொள்ளத் தக்கது. ‘பத்து என்னும் இடத்தில் நிற்கும் இலக்கம் எது’ என்று கேட்டால் விடை 4. ‘340 முழுவதிலும் மொத்தம் எத்தனை பத்துகள்’ என்று கேட்டால் விடை 34. அவள் முதல் கேள்விக்கான விடையை இரண்டாவதற்குக் கொடுக்கிறாள். நூறு என்பது பத்துப் பத்துகள் என்று வாயால் சொல்லத் தெரிந்தாலும், 300 என்று எழுதியதற்குள் முப்பது பத்துகள் அடங்கியிருப்பதை அவள் இன்னும் காணவில்லை.

இதற்குப் பணம் நல்ல துணை. வண்ணத் தாளை வெட்டி நீலத்தில் ஒரு ரிங்கிட், சிவப்பில் பத்து ரிங்கிட், ஊதாவில் நூறு ரிங்கிட் என்று எழுதிக்கொள்ளுங்கள். 5, 20, 50 ரிங்கிட் தாள்களை இப்போதைக்கு ஒதுக்கிவையுங்கள். அவை கடைக்கு வசதியானவை, ஆனால் பத்துப் பத்தாகச் சேர்வதைக் காட்ட வேண்டிய நேரத்தில் அந்தக் கட்டமைப்பை மறைத்துவிடும். அவளிடம் மூன்று ஊதாவும் நான்கு சிவப்பும் கொடுத்து, ‘இந்தக் கடையில் பத்து ரிங்கிட் தாளை மட்டுமே வாங்குவார்கள், மாற்றிக் கொடு’ என்று சொல்லுங்கள். ஒவ்வோர் ஊதாவுக்கும் பத்துச் சிவப்பை எடுத்து, முப்பதோடு நான்கைச் சேர்த்து, முப்பத்து நான்கை அவள் தன் கையால் எண்ணட்டும். அலுப்பாக இருக்கிறதே என்று நீங்கள் குறுக்கிட்டுச் சுருக்கிவிடாதீர்கள். முதல் இரண்டு முறை எண்ணித்தான் ஆகவேண்டும். மூன்றாவது முறையில், 340-இன் கடைசி இலக்கத்தைக் கையால் மறைத்தால் 34 தெரிவதை அவளே கண்டு சொல்லக்கூடும். அவள் கண்டு சொல்லும்வரை நீங்கள் சொல்லாமல் இருப்பது நல்லது.

ஆயிரத்துக்கு வரும்போது, நம் நாட்டில் இன்று ஆயிரம் ரிங்கிட் தாள் இல்லை என்பதும் ஒரு வசதியே. முன்பு 500, 1000 ரிங்கிட் தாள்கள் இருந்தன. 1999-ஆம் ஆண்டு ஜூலை மாதம் முதல் அவை செல்லாதவை ஆயின. ஆகவே ஆயிரம் என்றால் பத்து ஊதாத் தாள்களை ரப்பர் வளையமிட்ட ஒரு கட்டு. அந்தக் கட்டில் எத்தனை பத்துகள் என்று கேளுங்கள். நூறு என்று வந்தால் அவள் சரியான பாதையில் இருக்கிறாள்.

பத்தின் மடங்குகள் ஏன் சுழியத்தில் முடிகின்றன என்பதும் இதிலிருந்தே விளங்கும். எந்த எண்ணையும் பத்துப் பத்தாகக் கட்டினால் கட்டுக்கு வெளியே மிஞ்சுவதே ஒன்று இடத்து இலக்கம். 272-இல் 27 பத்துகள் கட்டப்பட்டு 2 மிஞ்சுகிறது. 270-இல் ஒன்றும் மிஞ்சவில்லை, அதனால் 0. இதே காரணத்தால், 272-லிருந்து பத்துப் பத்தாகக் கூட்டிக்கொண்டே போனால் கடைசி 2 மாறவே மாறாது: 282, 292, 302, 312. எண் தோரணிப் பயிற்சியில் (எண்வரிசையைத் தொடரும் பயிற்சி) 292-க்குப் பின் ‘2102’ என்று எழுதும் பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். இருபத்தொன்பது பத்துகளோடு இன்னொரு பத்து சேர்ந்தால் முப்பது பத்துகள் என்று சொல்லவைத்தால் அது நின்றுவிடும். கிட்டிய பத்துக்கு மாற்றுவதையும் இங்கேயே சேர்த்துவிடலாம்: 272-க்கு முன்னால் 270-உம் பின்னால் 280-உம் நிற்கின்றன, 270-க்கு இரண்டு படிகள், 280-க்கு எட்டுப் படிகள், ஆகவே 270. கடை ரசீதில் 12.43 ரிங்கிட் 12.45 ஆவதைக் காட்டி அவள் கேள்வி கேட்டால், அங்கே கிட்டிய 5 காசுக்கு மாற்றுகிறார்கள், பள்ளியில் கேட்பது கிட்டிய பத்து என்று பிரித்துச் சொல்லிவிடுங்கள்.

பத்தால் பெருக்கும்போது சுழியம் போடுவதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். முழு எண்களில் அந்த வழி சரியான விடையைத் தரும். ஆயினும் காரணம் தெரியாமல் அதைப் பழக்கமாக்குவதை நான் ஏற்கவில்லை. ‘சுழியத்தைச் சேர்’ என்ற சொல்லே பிழையானது, ஏனெனில் ஓர் எண்ணோடு சுழியத்தைச் சேர்த்தால் அது மாறாது. உண்மையில் நிகழ்வது வேறு. 34-ஐ மூன்று சிவப்பும் நான்கு நீலமுமாக வையுங்கள். பத்து மடங்கு என்றால் ஒவ்வொரு தாளும் தனக்கு அடுத்த பெரிய தாளாக மாறும்: மூன்று சிவப்பும் மூன்று ஊதாவாகும், நான்கு நீலமும் நான்கு சிவப்பாகும். நீலத்தின் இடம் காலியாகிவிட்டது. அந்தக் காலி இடத்தைக் காட்டவே 0 எழுதுகிறோம். ஒவ்வோர் இலக்கமும் ஓரிடம் இடப்புறம் நகர்ந்திருக்கிறது. சுழியம் அந்த நகர்வின் விளைவாக வந்தது.

இந்த வேறுபாடு இப்போது சிறியதாகத் தோன்றினாலும் தசமம் வரும் ஆண்டுகளில் பெரிதாகிவிடும். ஒரு ரொட்டி சானாய் 1.50 ரிங்கிட் என்று வைத்துக்கொள்வோம். பத்து ரொட்டிக்கு எவ்வளவு என்றால், சுழியம் போடப் பழகிய பிள்ளை 1.500 என்று எழுதிவிட்டு நிமிர்ந்து பார்க்கும். தாள்களை மாற்றப் பழகிய பிள்ளையோ, ஒரு ரிங்கிட் பத்து ரிங்கிட்டாகும், ஐந்து பத்துக் காசுகளும் ஐந்து ரிங்கிட்டாகும், ஆகவே 15 ரிங்கிட் என்று சொல்லிவிடும். முழு எண்களிலேயேகூட ஓரிடத்தில் இந்த வழி சறுக்கும். 50-ஐ 40-ஆல் பெருக்கும்போது ஐந்நான்கு இருபது, இரண்டு சுழியம் என்று சொல்லி, இருபதில் ஏற்கெனவே உள்ள சுழியத்தையும் அந்த இரண்டில் ஒன்றாக எண்ணி, 200 என்று முடித்துவிடுகிறார்கள். ஐந்து பத்துகளை நான்கு பத்துகளால் பெருக்கினால் இருபது நூறுகள், இருபது நூறுகள் என்றால் 2000 என்று பொருளோடு சொன்னால் சுழியம் தொலைவதில்லை. எனவே அவள் சுழியம் போடுவதைத் தடுக்க வேண்டாம். போட்ட பிறகு, ‘34-இல் இருந்த 3 இப்போது எவ்வளவு ஆயிற்று?’ என்று ஒரு முறை கேளுங்கள். முந்நூறு என்று சொல்லத் தெரிந்தால் அந்தக் குறுக்குவழி அவளுக்கு உரியதாகிவிட்டது.

செயல்நூல்களை இரண்டு வாரம் மூடிவையுங்கள். நாளுக்குப் பத்து நிமிடம், முதல் வாரம் அட்டைகள், இரண்டாம் வாரம் பணத்தாள்கள் என்று வைத்துக்கொண்டால் போதுமானது. இரண்டாம் ஆண்டில் 1000 வரை, மூன்றாம் ஆண்டில் 10 000 வரை என்று பாடத்திட்டம் நகர்வதால், ஆயிரத்துக்குள் தடுமாற்றம் இருக்கும்போது பெரிய எண்களை அவசரமாகச் செய்யவைப்பது குழப்பத்தையே பெருக்கும். அவளுடைய ஆசிரியரிடமும் வீட்டில் என்ன செய்கிறீர்கள் என்பதைச் சொல்லிவிடுங்கள். இரண்டு இடங்களிலும் ஒரே சொற்கள் புழங்கினால் குழந்தைக்கு எளிது.

இரண்டு வாரத்துக்குப் பின், அட்டையும் தாளும் இல்லாமல் நான்கு கேள்விகளைக் கேளுங்கள். தொள்ளாயிரத்து ஐந்தை எண்குறிப்பில் எழுதச் சொல்லுங்கள். 407-இல் மொத்தம் எத்தனை பத்துகள், எத்தனை மிச்சம் என்று கேளுங்கள். 56 பத்துகள் சேர்ந்தால் எவ்வளவு என்று கேளுங்கள். கடைசியாக 1020-லிருந்து பத்துப் பத்தாகப் பின்னோக்கி எண்ணச் சொல்லி, 1000-க்குப் பின் 990 வருகிறதா என்று பாருங்கள். நான்கிலும் விடையோடு காரணத்தையும் தன் சொற்களில் சொல்கிறாள் என்றால் டியூஷன் தேவையில்லை, செயல்நூலை மீண்டும் திறக்கலாம். ஒன்றிரண்டில் மட்டும் தடுமாறினால் அந்தப் பகுதிக்குரிய அட்டையையோ தாளையோ இன்னொரு வாரம் வைத்துக்கொள்ளுங்கள். நான்கிலும் தடுமாறினால், டியூஷனைத் தேடுவதற்கு முன், அவள் எழுதிய விடைகளை அழிக்காமல் அப்படியே எடுத்துக்கொண்டு வகுப்பாசிரியரைச் சந்தியுங்கள். எந்த இடத்தில் பிடி தளர்ந்திருக்கிறது என்பதை அந்த விடைகளே காட்டிக்கொடுக்கும்.